கீசகனைக் கொன்ற வேலூர்க்காரர்

கீசகன் செத்துவிட்டான் என்று எங்கள் பக்கத்து ஊர்கள் ஒப்புக்கொள்ள அதிகாலை மூன்று மணியாவது ஆகும். திரௌபதிமேல் ஆசைப்பட்டுப் பீமன் கையால் சாகும் பாரதத்துக் கீசகனை, தெருக்கூத்தில் அதற்கு முன் யாரும் சாகவிட மாட்டார்கள். இரவு பத்து மணிக்கு மத்தளத்தில் அடி விழும். முகவீணை பீறிடும். கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊர்க்கதை, வீட்டுக்கதை, பஞ்சாயத்துக் கதை எல்லாம் பேசித் தீர்க்க ஒரு மணி நேரம். பிறகு இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்கு மேலே கீசகனின் கிரீடம் மட்டும் தெரியும். திரை விலகி அவன் முழுதாக வெளியே வருவதற்குள் இன்னும் அரை மணி. இந்தக் கதை வரும் விராட பருவத்தைப் படித்தால் மழை வரும் என்பது பழைய வட ஆற்காட்டு நம்பிக்கை. பாலாறு மணலாகவே கிடக்கும் ஊரில் அந்தப் பருவத்தை யார்தான் அவசரமாகப் படிப்பார்கள்?

நான் பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில், வளர்ந்தது வேலூரில். அப்போது இரண்டும் ஒரே மாவட்டம். 1989-இல் அதை இரண்டாக வெட்டினார்கள். மிஞ்சிய வேலூரை 2019-இல் மூன்றாக வெட்டினார்கள். கூத்துக்காரர்களுக்கு மட்டும் இந்த எல்லைகள் எதுவும் உறைக்கவில்லை. திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊரெல்லாம் அவர்கள் ஊர்தான்.

சின்ன வயதில் கூத்துப் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சைரந்திரியாக வேலைக்காரி வேடத்தில் இருக்கும் திரௌபதியிடம் கீசகன் தன் ஆசையைச் சொல்லும் கட்டம். கட்டியங்காரன் நடுவில் புகுந்து இரட்டை அர்த்தத்தில் நாலு வார்த்தை விடுவான். இளவட்டங்கள் விசில் அடிப்பார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஐந்தாவது வார்த்தைக்கு அவன் வாய் திறக்கும்போது, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், வாத்தியார் தாளத்தை மாற்றிவிடுவார், கதை பாட்டுக்குத் தாவிவிடும். எனக்குத் தெரிந்த முதல் தணிக்கை வாரியம் அந்தச் செருமல்தான். அதற்குச் சட்டப்பிரிவு இல்லை, அலுவலகம் இல்லை. அடுத்த ஊரில் அதே ஐந்தாவது வார்த்தை தடையில்லாமல் போகும், வேறு ஏதோ ஒன்றுக்குச் செருமல் விழும்.

இதை எழுதக் காரணம் கூத்து இல்லை, ஒரு சினிமா. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படத்தின் பெயர் ‘கீசக வதம்’. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். 1885-இல் பிறந்தவர், எங்கள் வேலூர்க்காரர். இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. லாங் பஜாரில் எனக்குப் பழக்கமான கடைகளில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் மட்டும், எந்த முதலியார், என்ன கடை வைத்திருந்தார் என்று திருப்பிக் கேட்டார். வேலூரில் ஆளை அடையாளம் காட்டக் கடைப் பெயர் வேண்டும்.

கடை வைத்திருந்தவர்தான். சென்னைக்குப் போய் முதலில் சைக்கிள் வியாபாரம், பிறகு மோட்டார் வண்டி உதிரி பாகங்கள். 1913-இல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வும் அதைத் தொடர்ந்து வந்த படங்களும் அவரை ஆட்டிவைத்தன. புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவை எடுத்து இந்தியா பிலிம் கம்பெனி தொடங்கினார். மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டித்தான் படப்பிடிப்பு. கையால் சுற்றும் கேமரா. கீசகனாக ராஜு முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம், இருவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். படச்சுருளைக் கழுவ பெங்களூரு. 35 நாள் வேலை, சுமார் 35,000 ரூபாய் செலவு, 6,000 அடி நீளம்.

அந்த 6,000 அடியை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம். ஊமைப்படக் காலத்தில் நொடிக்கு ஏறக்குறைய 16 பிரேம் ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஓர் அடி. 6,000 நொடி என்பது 100 நிமிடம். எங்கள் ஊரில் ஓர் இரவு முழுக்கச் சாகாத கீசகனை வேலூர்க்காரர் 100 நிமிடத்தில் கொன்றுவிட்டார்! எதை விட்டார், எதை வைத்தார் என்று பார்க்க ஆசைதான். பார்க்க முடியாது, படம் அழிந்துவிட்டது. அவர் எடுத்த எந்தப் படமும் மிஞ்சவில்லை.

எந்த ஆண்டு வந்தது என்பதிலும் சண்டை உண்டு. 1916 என்பார்கள், 1917 என்பார்கள், 1918 என்பார்கள். என் கட்சி 1918. காரணம் சின்னது. ஊமைப்படத்துக்கு இடையிடையே வசன அட்டை வேண்டுமல்லவா? இந்தப் படத்துக்கு ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் அட்டை போட்டார்கள். இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி என்பது பதிவாகியிருக்கிறது. அவர் இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தது 1918-இல். அப்படியானால் படம் அதற்கு முன்னால் எப்படி முடிந்திருக்கும்? வரலாற்றாசிரியர்கள் என்னைத் திட்டலாம்.

இனிமேல் வருவதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாத விஷயம்.

கேமராவை யாரிடம் கற்றார் நடராஜ முதலியார்? புனேவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கில ஒளிப்பதிவாளரிடம். அந்த ஸ்மித் யாரைப் படம்பிடித்தவர்? வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபுவை. முதலியாரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் தவறாமல் சொல்லும் செய்தி இது, சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நானும் அப்படித்தான் படித்துக் கடந்துவிட்டேன். பிறகு ஒருநாள் மராத்தி நாடக வரலாற்றில் காடில்கரைப் பற்றிப் படித்தபோது திடுக்கிட்டேன்.

கே. பி. காடில்கர், திலகரின் ‘கேசரி’ பத்திரிகையில் எழுதியவர். 1907-இல் ஒரு நாடகம் எழுதினார். பெயர் ‘கீசக வதம்’. பார்த்தவர்கள் எல்லாருக்கும் புரிந்தது: கீசகன் என்பவன் கர்சன், அவமானப்படும் திரௌபதி இந்தியா, பொறு பொறு என்று சொல்லிக்கொண்டிருக்கும் தருமன் காங்கிரஸ் மிதவாதிகள், பொறுக்க மாட்டாத பீமன் அதே காங்கிரஸின் தீவிரவாதிகள். மேடையில் கர்சன் என்ற சொல்லே கிடையாது. எல்லாம் வியாசர் எழுதிய கதைதான். 1910-இல் அரசாங்கம் நாடகத்தைத் தடை செய்தது.

எண்ணிப் பாருங்கள். கர்சன் என்று அடையாளம் கண்டு கீசகனைத் தடை செய்து எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கர்சனைப் படம்பிடித்தவரிடம் தொழில் கற்ற ஒரு வேலூர்க்காரர் அதே கீசகனை எடுக்கிறார். காந்தியின் மகன் அதற்கு வசன அட்டை எழுதுகிறார். சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் படம் ஓடுகிறது, செலவு போக லாபம் பார்க்கிறது. ஒருவரும் தடுக்கவில்லை.

முதலியார் மனத்தில் அரசியல் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி அவரைத் தியாகி ஆக்கினால் கட்டுரை எடுப்பாக இருக்கும், ஆனால் அது பொய்யாகப் போய்விடும். அவர் வியாபாரி. வசனம் இல்லாத படத்தில் பார்ப்பவனுக்குக் கதை புரிய வேண்டுமென்றால் ஏற்கெனவே தெரிந்த கதையாக இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கம் பிறந்தவருக்குப் பாரதத்தைவிடத் தெரிந்த கதை எது? ஆனாலும் ஒரு விஷயம் உண்டு. கீசகன் கதையே அஞ்ஞாதவாசக் கதை. அரசன் துறவியாக இருக்கிறான், வில்லாளி நாட்டியம் கற்றுக்கொடுக்கிறான், மல்லன் மடைப்பள்ளியில் சோறு வடிக்கிறான், அரசி கூந்தல் வாருகிறாள். ஆள் தெரிந்துவிட்டால் மறுபடி காட்டுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்து இந்தியாவில் அரசியல் பேச நினைத்த நாடகமும் சினிமாவும் வாழ்ந்த வாழ்க்கை அதுதான்.

பாரதத்தில் பாண்டவர்களைத் தேட துரியோதனன் ஒற்றர்களை அனுப்புகிறான். சினிமாவைத் தேடச் சட்டம் வந்தது. 1918-இல் இந்தியச் சினிமாட்டோகிராப் சட்டம். அதன்படி 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. தலைமை போலீஸ் கமிஷனரிடம். சினிமாவை முதலில் போலீஸ் விவகாரமாகத்தான் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் வேலூர்க்காரரின் கீசகன் அந்த வாரியம் பிறப்பதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டான்.

மாட்டிக்கொண்டவர் விதுரர். 1921-இல் வந்த ‘பக்த விதுரர்’. பாரதத்தில் நியாயம் பேசும் அதே விதுரர்தான், ஆனால் படத்தில் கதர் உடுத்தி, தலையில் காந்தி குல்லாயோடு வந்தார். ரௌலட் சட்டத்தின் சூடு ஆறாத நேரம். சென்னையில் தடை, கராச்சியில் தடை. இந்தியாவில் தடை செய்யப்பட்ட முதல் படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். கீசகன் தப்பித்ததற்கும் விதுரர் அகப்பட்டதற்கும் இடையில் இருந்தது மூன்றே ஆண்டு, ஒரு சட்டம், ஒரு குல்லாய். வேடம் போட்டவர் குல்லாயைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் குல்லாய் இல்லாத விதுரரை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்?

வேடத்தில் இருக்கும் சிக்கல் அதுதான். யாருக்குமே புரியாவிட்டால் போட்டுப் பயன் இல்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டால் காவலுக்கு நிற்பவனுக்கும் புரிந்துவிடும். கீசகன் செத்த செய்தியைக் கேட்டுத்தானே, அவனைக் கொல்லக்கூடியவன் பீமனைத் தவிர வேறு யார் என்று துரியோதனனுக்குச் சந்தேகம் வந்தது?

ரஷ்யாவில் இயக்குநர் ஐசன்ஸ்டீனுக்கு நடந்ததும் இதுவே. 16-ஆம் நூற்றாண்டின் கொடுங்கோல் மன்னன் இவானைப் பற்றி அவர் எடுத்த படத்தின் முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பெயரிலேயே பரிசு கிடைத்தது. இரண்டாம் பாகம் 1946-இல் தயாரானது. அதில் இவான் சந்தேகப் பிராணியாக, ரகசியப் படை வைத்துக்கொண்டு கொலைக்குக் கொலை அஞ்சுபவனாக வந்தான். ஸ்டாலினுக்குத் தன் முகம் தெரிந்துவிட்டது. படம் பெட்டிக்குள் போனது. 1948-இல் ஐசன்ஸ்டீன் இறந்தார், 1953-இல் ஸ்டாலின் இறந்தார், 1958-இல் படம் வெளியே வந்தது.

அமெரிக்காவில் வேடம் தலைகீழ். அங்கே செசில் பி. டிமில் என்று ஒருவர் இருந்தார். ஆயிரக்கணக்கில் ஆட்கள், தேர், சிங்கம், ரோமாபுரி என்று பிரம்மாண்டத்துக்கு வேறு பெயரே அவர்தான். 1932-இல் அவர் எடுத்த ரோமாபுரிப் படத்தில் அரசி பாலில் குளிப்பாள், விருந்து என்ற பெயரில் எல்லாம் நடக்கும், கடைசியில் கிறிஸ்தவர்கள் சிங்கத்தின் முன் பக்தியோடு நிற்பார்கள். நம் ஆட்கள் புராணத்துக்குள் அரசியலை ஒளித்தார்கள், அவர் வேதத்துக்குள் சதையை ஒளித்தார். பாவத்தை எட்டு ரீல் காட்டு, ஒன்பதாவது ரீலில் தண்டனை கொடு. 1930-இலேயே எழுதிவைத்த ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகளை 1934-இல் கெடுபிடியாக்கினார்கள். 1944-இல் அந்தப் படத்தை மறுபடி வெளியிட்டபோது கத்தரித்துத்தான் விட்டார்கள்.

கத்தரி என்றதும் என் மாமா நினைவுக்கு வருகிறார்.

மாமா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். குடியாத்தம் பக்கத்தில் தொடங்கி, கூடாரம் போகும் இடமெல்லாம் போனவர். ஒற்றை புரொஜெக்டர், இரண்டு கார்பன் குச்சிகளை உரசவிடாமல் எதிரெதிரே வைத்து வெளிச்சம் வரவழைக்க வேண்டும். குச்சி தேயத் தேயக் கையால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் மறந்தால் திரை இருண்டு, மணல் தரையிலிருந்து மாமாவின் பரம்பரை விசாரிக்கப்படும். லீவுக்குப் போனால் அந்த அறைக்குள் என்னை ஒரு காலி ரீல் பெட்டியின் மேல் உட்கார வைப்பார். வெந்த கார்பனும் அறுந்த பிலிமை ஒட்டும் பசையும் கலந்த வாசனை. இன்றும் மூக்கில் இருக்கிறது.

படம் தொடங்குவதற்கு முன் சென்சார் சான்றிதழ் திரையில் வரும். கீழே தரை டிக்கெட்டில் இருக்கும் பிள்ளைகள் அதில் ஒன்றைத்தான் படிப்பார்கள்: எத்தனை ரீல். “பதினாறு” என்று ஒரு கூச்சல் எழும். பன்னிரண்டு என்றால் காசு வீண் என்று முணுமுணுப்பு. மாமா எனக்கு வேறொன்றைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சான்றிதழின் கீழே இடது மூலையில் ஒரு முக்கோணம். அது இருந்தால் படத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள், எங்கே எவ்வளவு நீளம் என்பது சான்றிதழின் இரண்டாம் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அதிலிருந்து நான் சினிமாவை அந்த முக்கோணத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பித்தேன். கதாநாயகி சட்டென்று வேறு பக்கம் திரும்பினால், பாட்டில் ஒரு தாளம் தாவினால், இங்கேதான் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். பாதி தப்பாகத்தான் இருக்கும். ஏனென்றால் வெட்டியது சென்னையில் இருந்த வாரியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி பஸ்ஸுக்குள் இரண்டாம் ஆட்டம் முடிய வேண்டும் என்று முதலாளி சொன்னால் மாமாவே ஒரு பாட்டை உருவிவிடுவார். அறுந்து அறுந்து ஒட்டியதில் போன பிரேம்களுக்குக் கணக்கே கிடையாது. அவற்றில் சிலவற்றை எனக்குத் தருவார். ஒரு பழைய ஓவல்டின் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். வேட்டியைத் திரையாகக் கட்டி, பூதக்கண்ணாடியும் பல்பும் வைத்து நாங்களே படம் காட்டுவோம். ஒரு துண்டில் கதாயுதம் தாங்கிய கை மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். பீமனா, துரியோதனனா, அனுமனா என்று தம்பியோடு பல நாள் சண்டை.

மாமா ஒருமுறை ‘கர்ணன்’ ஓட்டினார். பி. ஆர். பந்துலு 1964 பொங்கலுக்கு விட்ட படம், எங்கள் பக்கம் வருடக்கணக்கில் கூடாரம் கூடாரமாகச் சுற்றியது. அன்று பெட்டி தாமதமாக வந்த அவசரத்தில் கடைசி ரீலையும் அதற்கு முந்தைய ரீலையும் மாற்றி மாட்டிவிட்டார். கர்ணன் இறந்தார், கூட்டம் அழுதது, விளக்குப் போட்டார்கள், மறுபடி அணைத்தார்கள், இறந்த கர்ணன் எழுந்து தேரில் நின்று சல்லியனோடு வாக்குவாதம் செய்தார். பெரும்பாலானவர்கள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா மட்டும் எழுந்து, “கர்ண மோட்சம் ஆன பிறகு ஏதப்பா சண்டை?” என்று புரொஜெக்டர் அறையைப் பார்த்துக் கத்தினார். அவருக்குக் கதையின் வரிசையைச் சொல்லிக்கொடுத்தது சினிமா இல்லை, கூத்து. அதே தாத்தாவுக்கு இன்னொரு குறையும் இருந்ததாக மாமா சொல்வார்: பொன்னுருவி எங்கே? எங்கள் கர்ண மோட்சத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி, குலம் தெரியாதவன் என்று புருஷனைச் சீண்டுபவள். போருக்குப் போகும் முன் அவளோடு நடக்கும் வாக்குவாதம் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடும். படத்தில் வேறு பெயரில், சாந்தமான மனைவி. இதற்கு எந்த முக்கோணமும் போட மாட்டார்கள். கூத்திலிருந்து சினிமாவுக்கு வரும்போது வாயாடிப் பெண்கள் இப்படித்தான் காணாமல் போனார்கள். தமிழில் புராணப் படம் எடுத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது. கத்தரி வைத்த அதிகாரிமேல்கூட இவ்வளவு கோபம் இல்லை.

பொன்னுருவி வியாசரிடம் கிடையாது, அது இடைச்செருகல் என்று புலவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு நிறுத்தினார், நல்லாப்பிள்ளை பின்னால் வந்து மீதியையும் பாடிச் சேர்த்தார். கம்பன் பாட்டில் சேர்ந்தவற்றுக்கு வெள்ளிப் பாடல் என்று தனிப் பெயரே உண்டு. வேடிக்கை என்னவென்றால் தணிக்கைத் துறைக்கும் இதே குற்றச்சாட்டு தெரியும். சான்றிதழ் வாங்கிய பிறகு, வெட்டிய துண்டையோ வேறெங்கிருந்தோ வந்த துண்டையோ தியேட்டரில் ஒட்டி ஓட்டுவது குற்றம். ஒருகாலத்தில் காலைக் காட்சிகளின் வருமானமே அந்தத் துண்டுகளால்தான். மாமா அதைச் செய்ததில்லை என்று அத்தை சொல்வார். மாமா ஒன்றும் சொல்ல மாட்டார்.

மரியாதையான இடைச்செருகலும் உண்டு. 1960-இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் ரோமானியத் தளபதி தன் அடிமையிடம் குளிக்கும்போது, சிப்பி பிடிக்குமா நத்தை பிடிக்குமா என்று கேட்கும் காட்சி ஒன்று. கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை என்று ஒழுக்கக் காவலர்களுக்குப் புரிந்துவிட்டது, தூக்கிவிட்டார்கள். 1991-இல் படத்தைச் சீர்செய்தபோது அந்தத் துண்டு கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. தளபதியாக நடித்த லாரன்ஸ் ஆலிவியர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். ஆந்தனி ஹாப்கின்ஸ் அவருக்காகக் குரல் கொடுத்தார். நல்லாப்பிள்ளை செய்த வேலையைத்தான் அவரும் செய்தார் என்று எனக்குத் தோன்றும்.

சுதந்திரம் வந்த பிறகு என்ன ஆனது என்று நீட்டி முழக்கப் போவதில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதை. 1952-இல் புதிய சினிமாட்டோகிராப் சட்டம். 1970-இல் இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் வழக்கில், சினிமாவுக்கு முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1983-இல் தணிக்கை வாரியம் என்ற பெயரைச் சான்றளிப்பு வாரியம் என்று மாற்றினார்கள். கத்தரி மட்டும் அதேதான். ஆனால் எம். ஆர். ராதாவைச் சொல்லாமல் விட முடியாது. ராமாயணத்தை நையாண்டியாக மேடை ஏற்றினார். வெள்ளைக்காரன் 1876-இல் போட்ட நாடகச் சட்டம் போதவில்லை என்று 1954-இல் சென்னை மாநிலம் புதிதாக ஒரு நாடகச் சட்டமே கொண்டுவந்தது. காடில்கர் இதிகாசத்தைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டார், ராதா அந்தப் போர்வையையே இழுத்தார். இரண்டுக்கும் ஒரே மருந்துதான் கிடைத்தது. அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2013 ஆனது.

நடராஜ முதலியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உயிரோடு இருந்தார். திரௌபதி துகிலுரிதல், லவ குசா, மார்க்கண்டேயன் என்று இன்னும் சில படங்கள் எடுத்தார், எல்லாம் புராணம். பிறகு ஸ்டுடியோவில் தீ, மகனின் சாவு. 1923-இல் சினிமாவே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இறந்தது 1971-இல். அதற்குள் சினிமாவுக்குக் கதைவசனம் எழுதிய இருவர் தமிழ்நாட்டுக்கு முதலமைச்சர் ஆகிவிட்டார்கள். வெள்ளைத் துணிக்குக் கீழே கேமரா சுற்றிய மனிதருக்கு அதைப் பார்த்து என்ன தோன்றியிருக்கும்!

போன வைகாசியில் ஆரணிப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதம் வைத்திருந்தார்கள். விராட பருவத்தன்று போனேன். கட்டியங்காரன் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தான். சீருடையில் இரண்டு பேர் வந்து வாத்தியாரை ஓரமாக அழைத்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி, தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் கேட்டது வேறு: கூத்தையே பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மணி அப்போது ஒன்பதே முக்கால். வாத்தியாருக்கு எழுபது வயது இருக்கும். சத்தம் போடவில்லை. “ஐயா, கீசகன் இன்னும் அரிதாரமே பூசவில்லை” என்றார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு நீண்டது, செருமல்கள் கேட்டன. கடைசியில் மைக்கை மட்டும் நிறுத்துவது என்று முடிவானது.

மைக் நின்றது. மத்தளம் திடீரென்று சின்னதாகிவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஒரு பாட்டி எழுந்து தன் கோரைப்பாயைச் சுருட்டி, தூங்கிக்கொண்டிருந்த பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் போய் விரித்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். பெரியவர்களின் நாற்காலி வரிசை கூட்டத்துக்கு நடுவில் எங்கோ அகப்பட்டுக்கொண்டது. சேலை கட்டிய பீமன் இருட்டில் காத்திருக்கும் கட்டம் வந்தபோது, அவன் காற்சலங்கை எனக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கீசகன் நெருங்கி வந்து, ஒரு பெண்ணிடம் பேசும் குரலில் பீமனிடம் பேசினான். நாலாவது வார்த்தை, ஐந்தாவது வார்த்தை, ஆறாவது வார்த்தை. யார் செருமினார்களோ, சிரிப்பில் கேட்கவில்லை. அவன் செத்தபோது மணி மூன்றேகால்.